எந்தப் பக்கத்து ஆள்?

"அந்தக் குளியலறைச் சுவரைத் தட்டிப் பாரும்மா. உள்ள பொந்து மாதிரி சத்தம் கேக்கும்."

டீகன் திரும்பினாள். வெயில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு கிழவர் நின்றிருந்தார். தட்டிப் பார்த்தாள். அவர் சொன்னபடியே கேட்டது.

"கரையான். மருந்து அடிச்சுக் கொன்னாச்சு. ஆனா அரிச்ச கட்டைய யாரும் மாத்தல. பெரிய செலவில்ல, ரெண்டு பலகைதான். நான் மெர்வின்."

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரில் அன்று சனிக்கிழமை. பெரில் என்ற கிழவி இறந்துபோக, பிரிஸ்பேனில் இருக்கும் பிள்ளைகள் விற்பனைக்கு விட்ட, தூண்கள்மேல் நிற்கும் மர வீடு அது. பார்க்க வந்தவர்கள் அறை அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீகனின் கணவன் ரோரி வீட்டுக்கு அடியில் குனிந்து, மரத்தூண்களை ஆராய்ந்துகொண்டிருந்தான். வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போனவர்கள். இப்போதைய வீட்டுக்காரனும் காலி செய்யச் சொல்லிவிட்டான்.

"இந்த வீடு எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள் டீகன்.

"உஷ்! ஏஜென்ட் காதுல விழப்போகுது. அவன் சிரிக்கிற சிரிப்புக்குக் கூலி விக்கிறவங்க குடுக்கறாங்க. நீ எவ்வளவு வரைக்கும் போவேன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாத."

"அப்புறம்?"

"கட்டடத்தையும் கரையானையும் சோதிச்ச பிறகுதான் அக்ரிமென்ட் செல்லும்னு ஒரு வரி எழுதச் சொல்லு. கையெழுத்துக்கு முன்னாடி வக்கீல் கண்ணுல காட்டு. சோதிக்க வர்றவன் இந்தச் சுவரப் பாத்து எழுதிக் குடுப்பான். அத வச்சு விலையக் கொற."

டீகனுக்கு ஆச்சரியம். யார் இவர்? எதற்காக இதெல்லாம் சொல்கிறார்?

அதற்குள் தோல் செருப்பு சரசரக்க ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். மெர்வின் அவர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"பின்கதவுப் பூட்டு சரியில்ல பாத்தீங்களா? ஒருநாள் தெரியாத ஆள் யாராவது உள்ள வந்து நின்னா என்ன செய்வீங்க?"

"வரட்டுமே! எங்க நாய்ங்க கவனிச்சுக்கும்," என்று அந்த மனிதன் சிரித்தான். "மிச்சத்த நான் பாத்துக்குவேன்."

மெர்வின் தலையாட்டினார். பிறகு குளியலறைப் பக்கம் கைகாட்டி ஏதோ முணுமுணுத்தார். கரையான், மழைத்தண்ணீர், ஆடும் தூண்கள் என்று டீகனின் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. வந்த வேகத்தில் இருவரும் காருக்குப் போய்விட்டார்கள்.

"என்கிட்ட ரெண்டு பலகைன்னீங்க. அவங்ககிட்ட வீடே சாயப்போற மாதிரி பேசறீங்க?" என்றாள் டீகன்.

"அவங்களுக்குச் சாயும்," என்றார் மெர்வின் அமைதியாக.

வாசலில் ஏஜென்ட் டாரல் அவளை மடக்கினான். "அந்தக் கிழவர் பேச்சக் கேக்காதீங்க டீகன். ஒரு வாரம் விடாம வர்றாரு. வாங்கறதும் இல்ல, வாங்க வர்றவங்கள விடறதும் இல்ல. யாருன்னே தெரியல."

'விலையை விழவைத்து, கடைசியில் தானே அமுக்கப் பார்க்கிறாரோ?' டீகனுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் அவர் சொன்ன அறிவுரையில் ஒரு சொட்டும் தப்பில்லையே!

தூசியோடு மேலே வந்த ரோரியை மெர்வின் விடவில்லை. "பின்கதவு பூட்டாது தம்பி. தெரியாத ஆள் யாராவது சமையலறையில வந்து நின்னா என்ன செய்வ?"

ரோரி தலையைச் சொறிந்தான். "போன வருஷம் அப்படி ஒருத்தர் வந்தாரு. நல்ல போதை. தன் வீடுன்னு நெனச்சு எங்க சோபாவுல படுத்துட்டாரு."

"அடிச்சு வெரட்டினியா?"

"எங்க! ரொட்டிய வாட்டி வெஜிமைட் தடவிக் குடுத்தான் இவன்," என்றாள் டீகன். "அந்த ஆளு சீஸ் இல்லையான்னு கேட்டாரு."

மெர்வின் சிரிக்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திங்கக்கிழமையே வக்கீலப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க," என்றவர் தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. சோதிக்க வந்தவர் சுவரைத் தட்டினார், விலை இறங்கியது, டாரல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தான். மெர்வின் மட்டும் அதன் பிறகு கண்ணில் படவே இல்லை. நன்றி சொல்லக்கூட முடியவில்லையே என்று டீகனுக்குக் குறை.

குடிவந்த மறுநாள் காலை. பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே டீகன் கோப்பைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. இரவு உடுப்பும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு மூதாட்டி உள்ளே வந்தாள். பழகிய இடம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பெரில், இன்னுமா டீ போடல?"

ரோரிதான் முதலில் சமாளித்தான். "இதோ ஆச்சு. சர்க்கரை போடலாமா?" என்று கெட்டிலில் தண்ணீர் பிடித்தான்.

வேலிப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றார் மெர்வின்.

"என் சம்சாரம், ஐரிஸ். நாங்க பக்கத்து வீடு. பெரில் போயிட்டான்னு தெனமும் சொல்றேன், தெனமும் மறந்துட்டு டீ குடிக்கக் கெளம்பிடறா," என்றவர், டீகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த வீட்டோட குறையெல்லாம் உங்ககிட்ட சொன்னேம்மா... இத மட்டும் சொல்லாம விட்டுட்டேன்."