தண்ணி விழாத ஃபோல்டர்

“மாப்ளே, அருவியில தண்ணி விழுதா?”

கோவில்பட்டியிலிருந்து மைத்துனர் நமசிவாயம் போனில் கேட்டார். உமாசங்கர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே கார் ஷெட் தகரத்தில் சாரல் சடசடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் போன் வழியாகக் கோவில்பட்டிக்குப் போய்விடக் கூடாது.

“எங்கன மச்சான் விழுது? பாறை காஞ்சு கிடக்கு. உங்களுக்குன்னு ஃபோல்டர் குடுத்திருக்கேன்லா, அதுல நேத்து எடுத்த வீடியோ இருக்கு. தொறந்து பாருங்க.”

“சரி மாப்ளே, பாக்குதேன்.”

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். அருவிக்குப் போய்வரத் தோதாகக் குத்துக்கல்வலசையில் வீடு கட்டியவர் பாடு கேட்கவே வேண்டாம். போன சீசனில் நமசிவாயம் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். உமாசங்கர் சொந்த வீட்டு பாத்ரூமுக்கு வரிசையில் நின்றார், மொட்டைமாடியில் கொசுவோடு படுத்தார். இந்த வருஷமாவது தன் கட்டிலில் தான் படுக்க வேண்டும். அவருக்கு வேறு பேராசை எதுவும் இல்லை.

அதற்குக் கைகொடுத்தது, பேங்க்கில் ரிட்டையர் ஆன கையோடு வாங்கிய ஸ்டோரேஜ் பெட்டி. டிபன் கேரியர் அளவில் ஹாலில் உட்கார்ந்து கண் சிமிட்டும். வீட்டுப் படம், வீடியோ எல்லாம் அதற்குள் இருக்கும். சொந்தக்காரர்கள் அவரவர் ஊரிலிருந்தே போனில் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் யார் கண்ணுக்கு எந்த ஃபோல்டர் தெரிய வேண்டும் என்கிற பெர்மிஷன் உமாசங்கர் கையில். முப்பது வருஷ சர்வீஸில் ஒரு பியூன்கூட அவர் சொல்லைக் கேட்டதில்லை. அந்தப் பெட்டி கேட்டது.

இரண்டு ஃபோல்டர் போட்டார். ஒன்று பெங்களூரில் இருக்கும் மகள் அபர்ணாவுக்கு. அவள் குடும்பத்தோடு ஓடி வர வேண்டும் என்று, குளிக்கிற இடத்துப் பாதுகாப்பு வளைவையும் தாண்டி அருவி கொட்டும் நேரம் பார்த்து எடுத்த வீடியோ அதில் இருந்தது.

இன்னொன்று நமசிவாயத்துக்கு. பாறையில் செதுக்கிய லிங்கங்கள் வரை தெரிகிற வறண்ட அருவி. ஏதோ ஒரு பங்குனியில் அவரே எடுத்து, பழைய படங்களுக்கு நடுவே கிடந்தது. லேப்டாப்பில் ஸ்பீக்கர் போய் நாளாகிவிட்டது. காய்ந்த பாறைக்குச் சத்தம் எதற்கு என்று, கேட்டுப் பார்க்காமலே நேற்றைய தேதியைப் பெயராகப் போட்டுப் பூட்டினார். நமசிவாயம் அதைப் பார்க்கலாம். வேறு ஃபோல்டர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

“எங்கண்ணனா பேசுனாவ? வாராவளா?” சமையலறையிலிருந்து மனைவி செண்பகவல்லி வந்தாள்.

“வரல போலுக்கு. குளிக்கத் தடை போட்டுட்டா புள்ளைகளோட வந்து ஏமாந்து போவாவல்லா?”

“அண்ணன் ஃபோல்டர்ல என்ன போட்டிருக்கிய?”

“எல்லாருக்கும் ஒண்ணுதான் ஏட்டி.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். விஷயம் தெரிந்தால் ஒரு வாரத்துக்கு உமாசங்கர் தானே டீ போட்டுக் குடிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலையில் அபர்ணா கூப்பிட்டாள்.

“அப்பா, வீடியோ பாத்தோம். இவ்வளவு வெள்ளத்துல யாரு குளிக்க விடுவா? உங்க மருமகன் பயப்படுதாரு. அடுத்த மாசம் வாரோம்பா.”

“இல்லம்மா, அது சும்மா ஒரு நேரம்...” என்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

“பெரிய அறிவாளிலே நீ,” என்று தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

வாசலில் ஹாரன் அடித்தது. அதே வேன். கடலைமிட்டாய்ப் பையும் கையுமாக நமசிவாயம் இறங்கினார். பின்னாலேயே சின்னதும் பெரியதுமாக ஏழெட்டுப் பேர்.

உமாசங்கர் உள்ளே ஓடி லேப்டாப்பைத் திறந்தார். பெர்மிஷனை மாற்றிப் போட்டுத் தொலைத்துவிட்டோமா? இல்லை. எல்லாம் அவர் வைத்தது வைத்தபடியே இருந்தது. நமசிவாயத்துக்கு வறண்ட பாறை மட்டும்தான்.

“மச்சான், வீடியோவப் பாக்கலியா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பாத்தேனே. நாலஞ்சு தடவ பாத்தேன். அதான் உங்களப் பாக்கணும்னு ஆயிட்டு, கிளம்பி வந்துட்டோம்.” நமசிவாயம் போனை எடுத்தார். “ஏட்டி செண்பகம், நீயும் வந்து பாரு.”

உமாசங்கர் தடுப்பதற்குள் சத்தத்தைக் கூட்டிவைத்துப் போட்டுவிட்டார். காய்ந்த பாறை தெரிந்தது. லிங்கங்கள் தெரிந்தன. வீடியோவுக்குள்ளிருந்து நமசிவாயத்தின் குரலே கேட்டது.

“பைய நடங்க மாப்ளே, தையல் பிரிஞ்சிரும். ஆஸ்பத்திரிய விட்டு வந்த அன்னைக்கே அருவியப் பாக்கணும்னு அடம்புடிச்சா எப்படி?”

செண்பகவல்லி கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உமாசங்கருக்கு அவமானத்தில் காது சுட்டது.

“மச்சான், இந்தத் தடவ நீங்க என் கட்டில்ல படுத்துக்கோங்க,” என்றார், தரையைப் பார்த்தபடி.

“அது எதுக்கு மாப்ளே? அன்னைக்கு ஆஸ்பத்திரியில அத்தன நாளும் உங்க கட்டிலுக்குக் கீழ படுத்தவன்தான நான், ஒரு பாய் போதும்.”