கிறிஸ்துமஸ் டூட்டி

"லீவு கிடைக்கலம்மா. கிறிஸ்துமஸ் அன்னைக்கும் டூட்டிதான்" என்று போனில் கம்மிய குரலில் சொன்னாள் மரிவிக்.

சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் அவளும் கணவன் ரோடெலும் நேற்றே பிலிப்பைன்ஸ் வந்து, ஊருக்குப் போகும் வழியில் தாகாய்தாய் மலை நகரத்து விடுதியிலேயே படுத்துவிட்டார்கள். ஊருக்குப் போனால், ஞானஸ்நானத்தில் அவர்கள் பொறுப்பேற்ற ஞானப்பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பரிசுக்கு விடியுமுன்னே வாசலில் நிற்பார்கள். இருவருக்கும் தூங்கினால் போதும்.

"பாவம்டி நீங்க. இங்க என் ஞானப்பிள்ளைங்க கூட்டம், உக்கார நேரமில்ல" என்றாள் அம்மா.

"தப்பிச்சோம்" என்று ரோடெல் காதைக் கடித்தான்.

அடுத்த அறைக் கதவை யாரோ தட்டினார்கள். அதே தட்டல் போனிலும் கேட்டது.

"இருடி, யாரோ வந்திருக்காங்க."

சுவருக்கு அப்பால் அதே குரல் எரிந்து விழுந்தது. "தூங்கலாம்னுதானே வீட்டைப் பூட்டிட்டு வந்தோம். யாருப்பா அது?"

மரிவிக் சத்தமில்லாமல் போனை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.