இரண்டு டைமண்ட்

“பாஸ்,” என்றார் என்ஜினியர்.

எதிரே உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஏலம் நடக்கும்போது முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது. அதைக் கிளப்பில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்டிப்புக்குக் கேட்கவே வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டார்.

அடுத்து, எதிரணியில் வக்கீலுக்கு ஜோடியான டாக்டரம்மாவும் மேலே கேட்காமல் பாஸ் சொல்ல, ஏலம் முடிந்தது. டீச்சர் கடைசியாகக் கேட்ட டைமண்ட்தான் துருப்பு என்று ஆகிவிட்டது. டீச்சர் கையிலோ ஒரே ஒரு டைமண்ட். மற்றபடி கை நிறைய ஹார்ட்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. டீச்சர் ஹார்ட்டைப் போடப் போட, வக்கீல் துருப்பால் வெட்டிக்கொண்டே இருந்தார். தன் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிட்ட என்ஜினியருக்கு இந்த ஆட்டத்தில் வேலை இல்லை. மனைவியின் கையிலிருந்து விழுந்த ஹார்ட்டுகளையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சீட்டு விழுந்ததும் டீச்சர் வெடித்தார்.

“ஏங்க, நீங்க ‘ஒன் நோ டிரம்ப்’னு ஏலத்தை ஆரம்பிச்சீங்க. என் கையில ஹார்ட் நிறைய இருந்தா நான் என்ன சொல்லணும்?”

“டூ டைமண்ட்ஸ்.”

“சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

“நான் டைமண்ட்னு சொன்னா ஹார்ட்னு அர்த்தம். அதைப் புரிஞ்சுக்கிட்டு நீங்க ‘டூ ஹார்ட்ஸ்’னு சொல்லணும். இதுக்குப் பேர் என்ன?”

“டிரான்ஸ்ஃபர்,” என்றார் என்ஜினியர், தலையைக் குனிந்துகொண்டு.

“எல்லாம் தெரியுது! அப்புறம் எதுக்குங்க பாஸ்?”

என்ஜினியர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். “நிஜமாவே நீ ஹார்ட்டைத்தான் நினைச்சியா?”

“இல்ல, வெண்டைக்காயை நினைச்சேன்! கேக்கற கேள்வியைப் பாரு.”

அவர் சிரித்தார். அவ்வளவு கேவலமாகத் தோற்றுவிட்டு, கண்ணில் நீர் கோத்துக்கொள்ளச் சிரித்தார். டீச்சருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற வக்கீலுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? “போன வாரமும் சார் இதே இடத்துலதான் பாஸ் சொன்னார், டீச்சர். என்னமோ அன்னிக்கு நீங்க ஜெயிச்சுட்டீங்க. அதனால யாரும் கண்டுக்கல.”

“போன வாரமா?” டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். “அப்ப இது புதுசில்லையா? போதும்ப்பா. கோப்பைப் போட்டிக்கு நீங்களே எனக்கு பார்ட்னரா வாங்க வக்கீல் சார். இந்த மனுஷனோட இனிமே நான் ஆடறதா இல்ல.”

என்ஜினியரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

“வேண்டாம்மா. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா என்னோடயே ஆடு.”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து ஆடறோம். இப்படி மானத்தை வாங்கினதே இல்ல நீங்க.”

“அதான் கேக்கறேன். வேற யாரோடயும் ஆடாதே.”

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு வக்கீலே திகைத்துப்போனார். டீச்சர் மட்டும் மசியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரை மாற்றச் செயலாளர் அறையை நோக்கி நடந்தார். வக்கீலும் பின்னாலேயே போனார்.

டாக்டரம்மா நாற்காலியை என்ஜினியர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நரம்பு மருத்துவர். வந்ததிலிருந்து அவரையே கவனித்துக்கொண்டிருந்தவர்.

“அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இத்தனை வருஷம் ஆடின டிரான்ஸ்ஃபர் ஒருத்தருக்கு மறந்துபோகாது. வேற ஏதாவது மறக்குதா?”

என்ஜினியர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மறக்குது டாக்டர். பாலை வெச்சுட்டு மறந்து, வீடு பூரா கேஸ் வாடை. அதுக்கப்புறம் ஒரு நாள், எங்க தெருவுலயே எங்க வீடு எதுன்னு தெரியல.”

“ஐயோ! டீச்சருக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா. அந்த மூளையாலயே வாழ்ந்தவ அவ.”

டாக்டரம்மாவுக்கு மனசு கனத்தது. மனைவிக்காகப் பயப்படுகிறாரே, பாவம். ஆறுதலாக அவர் கையைத் தொட்டார்.

“ஆரம்பத்துலயே பார்த்துட்டா எவ்வளவோ செய்யலாம் அங்கிள். நாளைக்குக் காலையிலயே கிளினிக்குக்கு வாங்க. இப்பவே பதிவு பண்ணிடறேன்.” செல்போனை எடுத்தார். “உங்க வயசு சொல்லுங்க.”

“என் வயசு எதுக்கு டாக்டர்? அவ வயசைப் போடுங்க.”

டாக்டரம்மாவின் விரல் திரையிலேயே நின்றுவிட்டது.

“கொஞ்ச மாசமாவே அவளுக்கு டிரான்ஸ்ஃபர் மறந்துபோச்சு. டைமண்ட் இருந்தா டைமண்ட்னே சொல்லிடறா. நானும் பாஸ் சொல்லிச் சொல்லி, வெளியில தெரியாமச் சமாளிச்சுட்டு வர்றேன். வக்கீலோட உக்காந்தா முதல் ஆட்டத்துலயே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோயிடும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் அந்தச் சிரிப்பு வந்தது.

“இன்னிக்கு அவளுக்கு ஞாபகம் இருக்கும்னு நான் எதிர்பார்க்கல டாக்டர்.”