கல்யாணத்துக்குப் போகாத மாப்பிள்ளை

“கல்யாணத்தன்னிக்கு நீ எங்கே இருந்தே?” என்று கேட்டார் அட்டகோரா.

“டாக்ஸி ஓட்டிட்டிருந்தேன் சார்.”

“எந்த ஊர்ல?”

“இதே பிராங்க்ஸ்லதான்.”

“கல்யாணம்?”

“கானாவுல. குமாசியில.”

அட்டகோரா பேனாவைக் கீழே வைத்தார். நியூயார்க்கில் எங்கள் பேட்டையிலிருக்கும் கானாக்காரர்களில் பாதிப் பேருக்கு வருமான வரிக் கணக்கு எழுதுகிறவர் அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரென்றால் யாருக்கோ வரி ஏறப்போகிறது என்று அர்த்தம். அன்று துடைத்த துடைப்பில் கண்ணாடி பாதி தேய்ந்தே போயிருக்கும்.

எதிரே இருந்த குவாக்கு கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவன் இங்கே, மனைவி செர்வா அங்கே. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்காக வரி கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய காகிதம் கையில் இருந்தால் கல்யாணம் நிஜம்தான் என்று விசா ஆபீசில் நம்புவார்கள், செர்வா சீக்கிரம் வந்து சேரலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுடைய பாஸ்போர்ட் நகலும் வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்தவரின் பெட்டியில் மிளகாய்த் தொக்கு பாட்டிலோடு வந்திருக்கிறது. உறையைப் பிரித்ததும் வரிசையில் காத்திருந்த எங்களுக்கெல்லாம் பசி எடுத்துவிட்டது.

“உன் இடத்துல யாரு நின்னது?”

“எங்க அண்ணன்.”

“அப்ப அவ உங்க அண்ணன் பொண்டாட்டியில்ல?”

“இல்ல சார். அண்ணனுக்குத் தனியா பொண்டாட்டி இருக்காங்க. அவங்களும் பக்கத்துலதான் நின்னாங்க.”

அட்டகோரா அந்த வழக்கமெல்லாம் தெரியாதவர் இல்லை. ஆனால் தன் கல்யாணம் கோட்டு சூட்டோடு சர்ச்சில் நடந்ததென்றும், அதற்குத் தான் நேரிலேயே போயிருந்ததாகவும் சொன்னார்.

குவாக்கு விடாமல் விளக்கினான். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டுச் சீராக வந்த ஜின் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, இதை வாங்கிக்கலாமா என்று செர்வாவை மூன்று தடவை கேட்டார்களாம். மூன்று தடவையும் அவள் சரி என்றாளாம். மூன்றாவது ‘சரி’யை ஃபோனில் கேட்ட சந்தோஷத்தில், விமான நிலையத்துக்குப் போக வேண்டியவரைத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டானாம். அதன்பிறகு ஒரு தடவை ஊருக்குப் போய் அவளோடு இருந்துவிட்டு வந்திருக்கிறான். அவ்வளவுதான்.

“சேர்த்துக் கட்டச் சட்டத்துல இடம் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு தம்பி,” என்று பக்கத்து மேசையிலிருந்து மான்சா சொன்னாள். அவளும் அங்கே கணக்கு எழுதுகிறவள்தான்.

“சட்டம் எனக்கும் தெரியும்னு சொல்லு,” என்றார் அட்டகோரா, அதே குவாக்குவிடம்.

அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். எதுவானாலும் வந்தவர்கள் வழியாகத்தான். சிடுமூஞ்சி முதலாளி, ரோஷக்காரச் சிப்பந்தி என்று நாங்கள் பழகிப்போயிருந்தோம். குவாக்கு புதுசு. யாருக்கு யார் சொல்கிறார்கள் என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அட்டகோரா பிரசங்கத்தில் இறங்கினார். புருஷன் பெண்டாட்டி என்றால் ஒரு வீடு வேண்டும், ஒரு சாப்பாட்டு மேசை வேண்டும். விசாவுக்காக ஜோடி சேர்கிற கூட்டத்தை அவர் நிறையப் பார்த்தாயிற்று. பொம்மைக் கல்யாணத்துக்கெல்லாம் தன் கையெழுத்தைப் போட முடியாது.

“நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் சார்,” என்றது ஒரு பெண் குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். குவாக்குவின் சட்டைப் பையில் இருந்த ஃபோன். பின்னணியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். அவன் டாக்ஸி ஓட்டும்போதும் அவள் துணி தைக்கும்போதும் அந்த ஃபோனை அணைக்கிற வழக்கமே இல்லையாம்.

அட்டகோரா அசரவில்லை. “அப்படியா? உன் புருஷன் இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டான், சொல்லு.”

“கென்கேயும் பொரிச்ச மீனும். அந்தச் சோள மாவு உருண்டை ரொம்பப் புளிச்சுப்போச்சு, நெஞ்சு எரியும், வேணாம்னேன். கேட்கலை. இப்ப மாரைத் தடவிக்கிட்டிருப்பாரு, பாருங்க.”

குவாக்கு நெஞ்சிலிருந்த கையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

வரிசை மொத்தமும் சிரித்தது. அட்டகோரா சிரிக்கவில்லை. ஃபோனில் நடத்துவதற்குப் பெயர் குடித்தனம் இல்லை என்று சொல்லி, காகிதங்களை அவன் பக்கமே தள்ளிவிட்டார். குவாக்குவின் முகம் வாடிவிட்டது. ஃபோனில் தையல் மெஷினும் நின்றுபோனது.

“தம்பி,” என்றாள் மான்சா. “அதே கேள்வியை அவர்கிட்டயும் கேளேன். அவரோட பொண்டாட்டி இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டாங்களாம்?”

குவாக்குவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னதை அப்படியே கேட்டான்.

ஜன்னலுக்கு வெளியே பாலத்து ரயில் தடதடத்துப் போனது. அட்டகோரா கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தெரியாது,” என்றார்.

குவாக்குவுக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. “அடடா, உங்க வீட்டம்மாவும் ஊர்லதான் இருக்காங்களா சார்?”

“இல்லப்பா,” என்றாள் மான்சா, அவனுடைய காகிதங்களைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டே. “இந்த நாற்காலியிலதான் இருக்கேன். ஒரே வீடுதான், வரிதான் தனித்தனியா கட்டுறோம். நீ இப்படி வந்து உட்காரு, உங்களோடதை நான் சேர்த்து எழுதித் தர்றேன்.”