செல்வரட்ணம் அண்ணையின் கணக்கு

குருநகரில் ஒரு கடற்றொழிலாளர் சங்கம். கடலுக்குப் போனவர்கள் கரையேறியதும் தங்கள் போட் வந்துவிட்டதைப் போனில் பதிவார்கள். அந்தப் பதிவுகள் இருக்கும் சேர்வரைப் பார்த்துக்கொள்பவள் கிறிஸ்ரினா. அன்று காலை அதன் நிர்வாகப் பக்கம் பிரவுசரில் ஊர்ந்தது. கேஷை அழித்தாள், பிரவுசரை மாற்றினாள், சேர்வரையே நிறுத்தி மீண்டும் தொடக்கினாள். வேகம் வரவில்லை.

பக்கத்துக்குள் வேறு யார் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். செல்வரட்ணம் இருந்தார். அவளுக்கு முன் இந்த வேலையைச் செய்தவர். கடைசிப் போட் வரும்வரை பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார். போன வருடம் அவரை அடக்கம் செய்த பிறகு, அவருடைய கணக்கை அவள்தான் அழித்தாள்.

இப்போது றொகானின் போட் உள்ள வரியை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அதில் ‘வந்துவிட்டது’ என்றுதான் இருந்தது. பதிந்தவன் றொகானின் மச்சான் ஜெரிசன். கிறிஸ்ரினா அவனுக்குப் போன் எடுத்தாள்.

“றொகான் கரைக்கு வந்ததைக் கண்டனீரோ?”

“எனக்குப் பின்னாலைதான் வந்தவன். அதாலை அவன்ரையையும் போட்டிட்டன்.”

“கண்டனீரோ எண்டு கேக்கிறன்.”

“இல்லை,” என்றான் ஜெரிசன்.

எஞ்சின் நின்று தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த போட்டிலிருந்து றொகானை, அவள் சொல்லித் தேடிப் போனவர்கள் மத்தியானம் மீட்டு வந்தார்கள். அவன் கரையில் கால் வைத்ததாகப் போன் வந்தபோது, பக்கம் தொட்டவுடன் திறந்தது. உள்ளே அவள் மட்டும் இருந்தாள்.

“பெரிய உதவி அண்ணை,” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அழித்த கணக்கை மறுபடி உருவாக்கினாள். கடவுச்சொல்லை அவரே வைக்கட்டும் என்று விட்டாள்.

பின்னேரம் பார்த்தபோது வைத்திருந்தார்.