வழியில் உதிர்ந்த பழங்கள்

மரப்பொந்து ஒன்றில் பெண் இருவாச்சிப் பறவை முட்டையிட்டு, அலகு நுழையும் இடுக்கை மட்டும் விட்டு, வாசலை மண்ணால் பூசிக்கொண்டு உள்ளேயே இருந்தது. குஞ்சும் பொரிந்துவிட்டது. இருவருக்கும் இரை தேடுவது ஆண் இருவாச்சியின் பொறுப்பு.

தொண்டை நிறைய அத்திப்பழங்களோடு அது திரும்பும்போதெல்லாம் நடுவழியில் ஒரு மைனா மறிக்கும்.

"என்னண்ணே, இப்படி இளைச்சிட்டீங்க?"

"என் பாட்டை யாருகிட்ட சொல்ல? உள்ளே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அலையுறவன் கஷ்டம் தெரியுமா?" என்று ஆண் இருவாச்சி கிளையில் அமர்ந்துவிடும். காது கொடுத்துக் கேட்க ஆள் கிடைத்தால் நேரம் போவதே தெரியாது.

பொந்துக்குப் போனால், "ஏங்க, இவ்வளவுதானா? பிள்ளை பசியில கத்துது" என்பாள் மனைவி.

"நிறையத்தான் கொண்டாந்தேன். உனக்கு எத்தனை கொடுத்தாலும் பத்தாது" என்று எரிந்து விழும்.

ஒருநாள் அது பேசி முடித்துக் கிளம்பியபோது மைனா பதறியது.

"அதுக்குள்ளயா? இன்னும் ரெண்டு கஷ்டம் சொல்லுங்கண்ணே. பிள்ளைங்களுக்கு வயிறு நிறையலை."

ஆண் இருவாச்சி கீழே பார்த்தது. அது வாய் திறந்து பேசப் பேச உதிர்ந்த பழங்களை, கொழுகொழுவென்ற மைனாக் குஞ்சுகள் கொத்திக்கொண்டிருந்தன.

அது அத்திமரத்துக்கே திரும்பியது. தொண்டையை நிரப்பிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, இடுக்கில் நீண்ட அலகில் பழங்களை ஒவ்வொன்றாக வைத்தது.

"இன்னிக்கு நிறைய இருக்கே! புது மரம் கிடைச்சுதா?"

"மரம் பழசுதான். வழியில உன்னைக் குறை சொல்லிக்கிட்டே எல்லாத்தையும் சிந்திட்டு வந்திருக்கேன்."

அலகு மறுபடி வெளியே நீண்டது.

"இன்னொண்ணு குடுங்க."