ஓரடி மாலுமி

"இது போலி சார். சந்தேகமே வேண்டாம்."

அளவுகோலை மேசையில் வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார் 'மில்லிமீட்டர்'. சினிமா பொம்மை சேகரிப்போர் சங்கத்தின் தலைவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. தேநீர்த் தட்டுடன் வந்த மனைவிக்கு அந்தத் தொனி இருபது வருடப் பழக்கம். தட்டை வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

பொம்மையைக் கொண்டுவந்திருந்த தபால்காரரின் முகம் தொங்கிப்போனது. போன வருடம் பழைய பொருள் கடையில் பார்த்ததும் வாங்கி, கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய மாலுமி பொம்மை, ஒரு சினிமா ஹீரோவின் உருவம். அசல் என்று தலைவர் எழுதிக் கொடுத்தால்தான் நாளைக்குக் கண்காட்சியில் வைக்க முடியும். சங்கத்திலும் சேர முடியும்.

"நல்லா பாருங்க சார். ஹீரோ ஆறடி. பொம்மை ஆறுல ஒரு பங்கு. கணக்குக்கு ஒரு அடி வரணும். இது கச்சிதமா ஒரு அடி இருக்கே?"

"அங்கதான் மாட்டிக்கிட்டான் செஞ்சவன்! அசல் எப்படி இருக்கும்னு என்னைக் கேளுங்க."

கண்ணாடி அலமாரியைத் திறந்து தன் மாலுமியை எடுத்து வந்தார். பெற்ற மகளைக்கூட அதன் பக்கத்தில் விட்டதில்லை. தூசி துடைக்க மட்டும் மனைவிக்கு அனுமதி உண்டு.

இரண்டையும் ஒட்டி நிறுத்தினார். அவருடையது அரை சென்டிமீட்டர் குட்டை.

"பார்த்தீங்களா? கம்பெனிக்காரன் பூட்ஸோட அடியை மெல்லிசா வெச்சுட்டான். அசலுக்கு அடையாளமே அதுதான்."

"ஆனா சார், படத்துல ஹீரோவோட தழும்பு புருவத்தை வெட்டிட்டுப் போகும். என்னோடதுல அப்படியே இருக்கு. உங்களோடதுல நெத்தியிலேயே நின்னுடுதே?"

"படத்தை விடுங்க. பொம்மையைப் பாருங்க!"

மனைவியால் பொறுக்க முடியவில்லை. "விட்டுடுங்களேன். ஆசைப்பட்டு வாங்கினது. எடுத்துட்டுப் போகட்டுமே."

"உனக்கென்ன தெரியும்? தூசி தட்டுறதோட நிறுத்திக்க."

போலி என்று தெரிந்தால், அதை இன்னொருவர் தலையில் கட்டாமல் இருக்க அங்கேயே உடைத்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. விதியை எழுதியவரும் அவரேதான்.

"உடைச்சா அடுத்த வருஷம் உங்களைச் சேர்த்துக்கறேன். என்ன சொல்றீங்க?"

தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையாட்டினார். சுத்தியல் இரண்டு முறை இறங்கியது. மனைவி துடைப்பமும் முறமும் எடுத்து வந்தாள்.

தேநீரைத் தொடாமலே தபால்காரர் போய்விட்டார்.

மில்லிமீட்டர் தன் மாலுமியைத் துணியால் துடைத்து, அலமாரியில் நிறுத்திப் பூட்டினார். "நல்லவேளை, ஒப்பிட்டுப் பார்க்க என்னோடது இருந்துச்சு. இல்லேன்னா எது அசல், எது போலின்னு யாரால சொல்ல முடியும்?"

தரையில் சிதறிய துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தவளால் முடியும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் கையை விரித்த நாளில், அலமாரியிலிருந்து அவள் எடுத்துப்போய்ப் பழைய பொருள் கடையில் விற்றது இப்போது முறத்தில் கிடக்கும் இந்த மாலுமியைத்தான். பூட்டுக்குள் பத்திரமாக நிற்பது, அதே இடத்தில் வைக்க அவள் நடைபாதையில் வாங்கி வந்த போலி.